பதினெட்டாவது மீட்டரில்

அந்த மெஷின் என் மேசைமேல் இருக்கும்போது ஒரு தடவைகூட அணையவில்லை. என் எரிச்சலுக்கெல்லாம் அதுதான் ஆரம்பம். புதன்கிழமை காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை கடையில் என் கண்ணெதிரே சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. குலுக்கினேன். கவிழ்த்தேன். முதுகில் இரண்டு தட்டும் தட்டினேன். வீட்டில் ஆட்டம் போடும் பிள்ளை விருந்தாளி வந்ததும் கைகட்டி உட்காருமே, அப்படி இருந்தது.

நான் கைபேசி பழுதுபார்ப்பவள். பதினோரு வருஷமாக இதே மேசை, இதே விளக்கு, இதே சால்டரிங் புகை. சார்ஜ் ஏறாத போன், குழம்பில் விழுந்த போன், கோபத்தில் சுவரில் அடித்துவிட்டு 'கை தவறிடுச்சு' என்று கொண்டுவரும் போன், எல்லாம் பார்த்தாகிவிட்டது. என்னிடம் வந்து சரியாகாமல் திரும்பிப் போன செட்டுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். இப்போது என் சொந்த வீட்டு மெஷின் என் மூக்கை உடைக்கப் பார்க்கிறது.

மெஷின் என்றால் ஃபிஷ் ஃபைண்டர். உள்ளங்கை இரண்டு சேர்த்து வைத்த அளவு திரை. படகின் அடியில் ஒரு குமிழ் ஒட்டியிருக்கும், அது தண்ணீருக்குள் சத்தம் அனுப்பும். சத்தம் தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, கீழே மணலா பாறையா, நடுவில் மீன் உண்டா என்று திரையில் படம் போடும். மேல் மூலையில் ஆழம் எத்தனை மீட்டர் என்று பெரிய எண்ணாகக் காட்டும். அண்ணன் அதை டிவி என்றுதான் சொல்வான்.

படகு என் வீட்டுக்காரருக்கும் என் அண்ணனுக்கும் பாதிப் பாதி. எனக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பே இருவரும் கூட்டாளிகள், அந்தக் கூட்டில்தான் எனக்கு மாப்பிள்ளையே கிடைத்தார். கரையோரத்தில் இப்போது மீன் இல்லை. தள்ளிப் போனால் ஒரு பாறைத்திட்டு இருக்கிறது, அங்கே தூண்டில் போட்டால் மீன் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் திட்டு ஒடுங்கலானது. கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளிப் போட்டாலும் வெறும் சேறு. திரை இல்லாமல் அதைப் பிடிக்க முடியாது, திரையோ திட்டுக்குப் போகும் வழியில் சரியாக அணைந்துபோகிறது. இரண்டு வாரத்தில் ஐந்து தடவை வெறும் பெட்டியோடு திரும்பி வந்தார்கள்.

ஐந்தாவது தடவை அண்ணன் கடைக்கே வந்துவிட்டான். வாடிக்கையாளர்கள் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்கவில்லை.

"பெரிய படகுல மோட்டார் பார்க்க ஆள் கேக்கறாங்க. சனிக்கிழமைக்குள்ள சொல்லணும்னு இருக்கு. உன் டிவி சனிக்கிழமைக்குள்ள சரியாச்சுன்னா பாரு. இல்லேன்னா நான் கிளம்பறேன்."

"அவரை விட்டுட்டா?"

"நான் என்ன மாப்பிள்ளையைத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டா போக முடியும்?"

சொல்லிவிட்டுப் போய்விட்டான். எனக்கு அப்புறம் இருப்புக் கொள்ளவில்லை. ஒற்றை ஆளாக அந்தப் படகை வைத்துப் பிழைக்க முடியாது. அண்ணன் போனால் விற்கத்தான் வேண்டும், விற்றால் என் வீட்டுக்காரர் ஐஸ் கிடங்கில் பெட்டி தூக்கப் போகவேண்டும். பதினாறு வயதிலிருந்து தண்ணீர்மேல் இருக்கும் மனுஷர். போதாக்குறைக்கு, மெஷின் வாங்கியே ஆகவேண்டும் என்று ஒரு வருஷம் நச்சரித்தவள் நான். அவர் 'பார்க்கலாம்' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். எதற்கும் அவர் பதில் அதுதான்.

வியாழக்கிழமை கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுத் துறைக்குப் போனேன். மெஷின், மல்டிமீட்டர், சால்டரிங் அயர்ன், இரண்டு விதக் கம்பி, எல்லாவற்றையும் பையில் அடைத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் எனக்கு முன்னால் போய்ப் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே கழுவின படகு அது.

"இங்க மெஷின் என்ன பண்ணும் பார்க்கலாம். மோட்டாரை ஸ்டார்ட் பண்ணுங்க."

பேட்டரி பின்பக்கத்துப் பலகை இருக்கைக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இருந்தது. ஆடாமல் இருக்க ஆரஞ்சு நிற நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். நல்ல கெட்டியான நாடா, முனையில் கொக்கியெல்லாம் இருந்தது. எங்கே பிடித்தார்கள் என்று அப்போது யோசிக்கவில்லை. மல்டிமீட்டரின் முனைகளைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தேன். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேலே, நல்ல ஆரோக்கியம். அவர் மோட்டாரைக் கிளப்பினார். எண் சட்டென்று ஒன்பதுக்கு இறங்கியது, திரை பொசுக்கென்று போனது.

அப்பாடா என்றிருந்தது. கடைசியில் என் கண் முன்னால் அணைந்தது.

அதற்கப்புறம் எல்லாம் எனக்குத் தெரிந்த வேலை. மெஷினுக்கு வரும் கம்பி நூல் மாதிரி மெலிசு. போதாததற்கு மோட்டார் கம்பியோடு சேர்த்து முறுக்கி விட்டிருந்தார்கள், இது அண்ணன் கைவண்ணம். நடுவில் இருந்த ஃப்யூஸ் கூட்டைத் திறந்தால் பச்சைப் பச்சையாகக் களிம்பு. எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். தடித்த கம்பியை நேராகப் பேட்டரியிலிருந்தே இழுத்தேன். புது ஃப்யூஸ் கூடு, திருகினால் திறக்கும் வகை, அதை இருக்கைக்கு அடியில் கை எட்டும் இடத்தில் பொருத்தினேன். ஒட்டின இடமெல்லாம் உறை போட்டுச் சூடு காட்டிச் சுருக்கினேன். மோட்டாரை ஆறு தடவை கிளப்பச் சொன்னேன். ஆறு தடவையும் திரை கண் சிமிட்டவில்லை.

"இனிமே இது அணைஞ்சா என் பேரை மாத்திக்கறேன்" என்றேன்.

வீட்டுக்காரர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். துறையில் ஆழம் இரண்டு மீட்டர் என்று காட்டியது.

"நல்லா பண்ணிட்டே" என்றார். குரலில் சந்தோஷம் இல்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். அப்போது நான் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொள்வதில் மும்முரமாக இருந்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கடையில் போன் அடித்தது. அண்ணன். ஹலோ கூடச் சொல்லவில்லை.

"பேரை மாத்திக்கோ."

கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்து எங்கேயோ உருண்டது. நான் தேடவில்லை.

"எப்ப அணைஞ்சுது? மோட்டாரை நிறுத்திட்டு மறுபடி கிளப்பினியா?"

"நிறுத்தவே இல்ல. நேராப் போயிட்டிருந்தோம். நான் முன்னாடி உக்காந்து நம்பரைப் படிச்சுட்டு வரேன். பதினாறு, பதினேழு, பதினெட்டு. அவ்வளவுதான், உன் டிவி கண்ணை மூடிடுச்சு. திரும்பி வர்றப்போ பாதி வழியில தானா வந்துச்சு. மினுக்குது சனியன்."

"முந்தி அணைஞ்சப்போ எல்லாம் என்ன நம்பர்?"

"அதெல்லாம் யாரு எழுதி வெச்சா? பதினெட்டு, பத்தொன்பது, அந்தச் சுத்துவட்டம்தான்."

போனை வைத்துவிட்டுக் கடைக்குள்ளேயே குட்டி போட்ட பூனையாக நடந்தேன். பதினெட்டு மீட்டரில் ஒரு மெஷினுக்கு என்ன வந்தது? கீழே எவ்வளவு ஆழம் இருந்தால் படகுக்கு என்ன, அது மேலேதானே மிதக்கிறது. பிறகு ஒன்று தோன்றியது. ஆழம் கூடக் கூட மெஷின் சத்தத்தைப் பலமாக அனுப்பவேண்டும், அதற்கு மின்சாரம் கூடுதலாக இழுக்கும். எங்காவது ஒட்டு சரியில்லை என்றால் அந்த இழுப்பில் விட்டுப்போகலாம். அப்படியென்றால் என் ஒட்டு. என் கை. ஒரு அம்மா போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார், நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஒட்டுகளை மனசுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். அவர் கொடியிலிருந்து துணி எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தார்.

"அணையறதுக்கு முன்னாடி திரை மங்கலாச்சா? இல்ல ஒரேயடியா போச்சா?"

"ஒரேயடியா."

"படகு குலுங்கிச்சா அப்ப?"

"ஞாபகம் இல்ல."

"பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க? பேட்டரி உங்க காலுக்குக் கீழதானே இருக்கு?"

"போலீஸ் மாதிரி கேக்காதே. விட்டுடேன். அந்த மெஷின் இல்லாமலும் நாங்க பிழைச்சுட்டுதானே இருந்தோம்."

"இப்பப் பிழைக்கலையே" என்றேன். கொஞ்சம் கூடுதலாகவே சொல்லிவிட்டேன். அவர் துணியை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றார். முதுகு தெரிந்தது. சாப்பிடக் கூப்பிட்டபோது பசியில்லை என்றார். எனக்கும் இறங்கவில்லை. தட்டில் கை வைத்துக்கொண்டு, ஒரேயடியா, ஒரேயடியா என்று அந்த வார்த்தையையே மென்றுகொண்டிருந்தேன். ஒட்டு சரியில்லாத மெஷின் ஒரேயடியாக அணையாது. தள்ளாடும், வோல்ட் இறங்கும், பிறகுதான் போகும். இது யாரோ சுவிட்சை அணைத்தமாதிரி போகிறது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பழுது எங்கே என்று தெரியவில்லையென்றால், சந்தேகப்படும் பாகத்தை ஒதுக்கிவிட்டு நல்லது என்று தெரிந்த ஒன்றை அந்த இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அதை யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் பார்ப்பவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் காரியத்தைக் கெடுப்பார்கள். கடையில் பழைய ஸ்கூட்டர் பேட்டரி ஒன்று இருந்தது, சின்னது, நன்றாகச் சார்ஜ் ஏற்றி வைத்தது. அதை என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்து ஒரு கம்பியை வெளியே நீட்டிவிட்டேன்.

"நாளைக்கு நானும் வரேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ எதுக்கு? உனக்கு வாந்தி வரும்."

"வந்தா எடுத்துட்டுப் போறேன்."

சனிக்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்பே துறையில் இருந்தேன். அவர்கள் தூண்டில் பெட்டியை ஏற்றும் நேரத்துக்குள் மெஷினின் முதுகிலிருந்து பெரிய பேட்டரியின் கம்பியைக் கழற்றிவிட்டு, அங்கே என் பையிலிருந்து வந்த கம்பியைச் சொருகிவிட்டேன். கழற்றின கம்பி, ஃப்யூஸ் கூட்டோடு, எங்கும் போகாமல் சும்மா பலகையின் அடியில் கிடந்தது. திரையின் ஓரத்தில் வோல்ட் எண்ணும் தெரியும்படி வைத்தேன். இப்போது படகில் எந்த ஒட்டு விட்டாலும், எந்தக் கம்பி அறுந்தாலும் மெஷினுக்குக் கவலை இல்லை. இதற்கும் மேலே அணைந்தால் பழுது மெஷினுக்குள்ளேதான், நான் தலைமுழுகிவிட்டுப் போவேன்.

அவர் பின்னால் மோட்டார் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் நடுவில், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு. அண்ணன் முன்னால், பழைய ஆரஞ்சு மெத்தை ஒன்றைப் போட்டு அதன்மேல் சம்மணம் கட்டி உட்கார்ந்தான்.

"சாப்பாட்டுப் பையைக் கீழ வையேன். யாரும் பிடுங்கிட்டுப் போக மாட்டாங்க" என்றான்.

"என் சாப்பாடு, நான் எங்க வேணா வெச்சுப்பேன்."

கரை சின்னதாகிக்கொண்டே போனது. அண்ணன் திரையைப் பார்த்து எண்களைப் படிக்க ஆரம்பித்தான். அவனுக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது.

"ஒன்பது. பதினொண்ணு. தரை மணல். பதிமூணு."

வோல்ட் பன்னிரண்டரையில் அசையாமல் நின்றது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன்.

"பதினாறு. பதினேழு. எல்லாரும் சாமியைக் கும்பிட்டுக்குங்க. பதினெட்டு."

என் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மோட்டார் இரைச்சலுக்கு நடுவில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நான் பொருத்தின ஃப்யூஸ் கூட்டின் மூடி திருகித் திறக்கும் சத்தம், கிரிச்சென்று. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்.

திரை அணையவில்லை. பத்தொன்பது. இருபது.

திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரரின் இடது கை இருக்கைக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. இரண்டு விரலுக்கு நடுவில் ஃப்யூஸ். கையைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார். திரும்ப உள்ளே போட்டு, திரும்ப எடுத்தார். திரை எரிந்துகொண்டே இருந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், பொய் சொல்லமாட்டேன். அந்தக் கம்பிகளை உரித்து உரித்து என் நகக்கண் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. ராப்பகலாக என் கையையே சந்தேகப்பட்டேன். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று, வாயைத் திறந்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று நிமிர்ந்தேன். அப்போதுதான் அவர் கால்களைப் பார்த்தேன். பத்து விரலும் பலகையைக் கவ்விப் பிடித்திருந்தன. அவர் என்னைப் பார்க்கவே இல்லை, அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அணையலை" என்று அண்ணன் கத்தினான். "என் தங்கச்சின்னா சும்மாவா. இருபத்தி மூணு. இருபத்தி ஆறு. திட்டுக்கு முன்னாடி ஒரு பள்ளம் இருக்கு, இன்னும் இறங்கும் பாரு. இருபத்தி எட்டு."

ஒவ்வொரு எண்ணுக்கும் அவர் தோள் கொஞ்சம் உள்ளே போனது. பதினைந்து வருஷமாகக் கூடவே வாழ்கிறேன், அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டுக் கம்பியைப் பிடுங்கினேன்.

திரை கறுப்பானது.

"போச்சு" என்றான் அண்ணன்.

"போச்சு அண்ணா" என்றேன். "என்னால கண்டுபிடிக்க முடியல. நான் தோத்துட்டேன்."

பதினோரு வருஷத்தில் யாரிடமும் சொல்லாத வார்த்தை. அண்ணன் கையால் சைகை காட்டி மோட்டாரை நிறுத்தச் சொன்னான். சத்தம் நின்றதும் தண்ணீர் படகின் பலகையில் மோதுவது மட்டும் கேட்டது.

"சரி. யாரையும் குத்தம் சொல்றதுக்கில்ல. நான் பெரிய படகுக்கு வரேன்னு இன்னைக்கே சொல்லிடறேன். இதை வித்துடலாம் மாப்பிள்ளை."

அவர் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தார், என் மடியிலிருந்த பையைப் பார்த்தார், அதிலிருந்து நீண்ட கம்பியைப் பார்த்தார். நான் என்ன செய்தேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. கையை நீட்டி விரித்தார். உள்ளங்கையில் ஃப்யூஸ் இருந்தது.

"மெஷின் மேல தப்பில்ல மச்சான். இவ மேலயும் இல்ல. நான்தான் எடுத்துட்டு இருந்தேன்."

"எதை?"

"இதை. முதல் ரெண்டு தடவை அதுவா அணைஞ்சுது. அன்னைக்கு எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. அதுக்கப்புறம் நானா எடுக்க ஆரம்பிச்சேன். திரும்பி வர்றப்போ போட்டுடுவேன்."

அண்ணன் வாயைத் திறந்தான், மூடினான். "எதுக்குய்யா?"

"அந்த நம்பரு." அவர் தண்ணீரைப் பார்க்காமல் படகின் உள்பக்கத்தையே பார்த்துப் பேசினார். "இத்தனை வருஷம் இதே தண்ணியிலதான் போனேன். கீழ எவ்வளவு இருக்கும்னு நினைச்சதே இல்ல. ஒரு ஆள், ஒன்றரை ஆள் ஆழம், அவ்வளவுதான் மனசுல. இது பதினெட்டுன்னு காட்டுது. வீட்டை ஒண்ணு மேல ஒண்ணு ஆறு அடுக்கினாலும் உள்ள போயிடும். அதைப் பார்த்ததும் கை கால் ஓட மாட்டேங்குது. எனக்கு நீந்தத் தெரியாது மச்சான்."

எனக்கே தெரியாது இது. கல்யாணமான நாளிலிருந்து அவர் கடலுக்குப் போகிறார், வருகிறார். நீந்தத் தெரியுமா என்று யாராவது கேட்பார்களா? தையல்காரருக்கு ஊசி கோக்கத் தெரியுமா என்று கேட்பது போல.

அண்ணன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கேலி செய்யப் போகிறான் என்று எனக்கு உறுதி, செய்தால் பையோடு பேட்டரியைத் தூக்கி அவன்மேல் எறிவதற்கும் தயாராக இருந்தேன். அவன் கேலி செய்யவில்லை. முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"தெரியாதா? நிஜமாவா?"

"நிஜமாத்தான்."

"அடப்பாவி. நீ இருக்கேங்கற தைரியத்துலதானேய்யா நான் வந்துட்டிருக்கேன்."

இப்போது வாயைத் திறந்து மூடியது அவர். "உனக்கும் தெரியாதா மச்சான்?"

"எனக்கு எப்படித் தெரியும்? எங்க வீட்டுல தண்ணிப் பக்கமே விட மாட்டாங்க. இவளைக் கேளு." அண்ணன் சம்மணத்தைக் கலைத்து, இரண்டு கையாலும் படகின் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டான். "நம்பரைச் சத்தமாப் படிக்கறேன்னு பார்த்தியே, எனக்கென்ன ஆசையா? கத்தலேன்னா பல்லு கிடுகிடுன்னு ஆடறது உனக்குக் கேட்டுடும். பெரிய படகுல பக்கத்துல கம்பி இருக்கு. மோட்டார் ரூம் உள்ள போய் உக்காந்துட்டா தண்ணியே கண்ணுல படாது. அதான் போறேன்னேன். சம்பளத்துக்கா போறேன் நான்?"

பிறகு இருவரும் ஒன்றாக என் பக்கம் திரும்பினார்கள். எதற்கென்று புரிய ஒரு நொடி ஆனது.

"என்னை ஏன் பார்க்கறீங்க? நான் போன் ரிப்பேர் பண்றவ" என்றேன்.

மூன்று பேர், ஒருவருக்கும் நீச்சல் தெரியாது. எத்தனை மீட்டருக்கு மேலே என்று தெரியாமல் இருப்பது தெரிந்திருப்பதைவிட மோசமாக இருந்தது. கம்பியைத் திரும்பச் சொருகினேன். திரை எரிந்தது, முப்பத்தொன்று என்றது. ஒருவரும் வாய்விட்டுப் படிக்கவில்லை.

"படகுல உயிர் காக்கற சட்டை ஒண்ணு இருக்கணுமே" என்றேன். "வாங்கினப்போ கொடுத்தாங்களே."

அண்ணன் மெல்லத் தன் அடியில் கையை விட்டு அந்த ஆரஞ்சு மெத்தையை உருவினான். மெத்தை இல்லை அது. கையும் கழுத்தும் நுழைக்கும் ஓட்டைகள் இருந்தன. இடுப்பில் கட்டும் நாடாக்கள் மட்டும் இல்லை, இரண்டு பக்கமும் வெட்டப்பட்டிருந்தன. அந்த நாடா எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். வியாழக்கிழமை என் கையாலேயே அவிழ்த்து, அதே கொக்கியில் மறுபடி இறுக்கி மாட்டினேன். இந்தப் படகில் பத்திரமாகக் கட்டப்பட்டிருந்த ஒரே ஆள் பேட்டரிதான்.

முதலில் சிரித்தது அவர். சத்தம் இல்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் கையைப் பிடித்தேன், கை சில்லென்று இருந்தது, அழுகையும் கொஞ்சம் இருந்தது. பிறகு அண்ணனும் சிரித்தான். படகு ஆடியது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டோம்.

"மெதுவா" என்றார் அவர். "மெதுவாத் திருப்பறேன். யாரும் அசையாதீங்க."

வரும் வழியெல்லாம் அந்தச் சட்டையை யார் போடுவது என்று தகராறு. அவர் எனக்குப் போடச் சொன்னார், நான் அண்ணனுக்குத் தள்ளினேன், அண்ணன் மாப்பிள்ளைக்கு என்றான். கடைசியில் யாரும் போடவில்லை, நடுவில் வைத்து மூன்று பேரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வந்தோம். பதினெட்டைத் தாண்டி எண் இறங்கியபோது அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நானும் விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நாடாவைப் பேட்டரியிலிருந்து அவிழ்த்துச் சட்டையோடு சேர்த்துத் தைத்தேன். பேட்டரிக்குச் சாதாரணக் கயிறு போதும். இன்னும் இரண்டு சட்டை வேண்டுமே என்று பார்த்தால், அண்ணன் பெரிய படகுக்காரரிடம் போய், வேலைக்கு வரவில்லை, பழைய சட்டை இருந்தால் இரண்டு கொடுங்கள் என்று கேட்டு வாங்கிவந்துவிட்டான். அவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் படகை எடுத்தோம். திட்டுப் பக்கம் போகவில்லை. தடுப்புச் சுவருக்கு உள்பக்கமாக, அலை இல்லாத இடத்தில் மெதுவாக வட்டம் போட்டோம். திரையைப் பார்த்துப் பார்த்து, சேறு வேண்டாம், கல் வேண்டாம், மணல்தரையாக வேண்டும் என்று தேடினோம். வாங்கின நாளிலிருந்து அந்த மெஷின் எங்களுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்த முதல் இடம் அதுதான்.

நங்கூரம் போட்டதும் அவர் சட்டையின் நாடாவை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நான் முதலில் இறங்கினேன், தண்ணீர் என் நெஞ்சுக்கு வந்தது. குளிர்ந்தது. அவர் விளிம்பில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் என் எலும்பில் அழுந்தின.

"எவ்வளவு மச்சான்?" என்றார் திரும்பாமல்.

அண்ணன் திரையைக் குனிந்து பார்த்தான். "ஒண்ணு புள்ளி ரெண்டு."

"இன்னொரு தடவை சொல்லு."

"ஒண்ணு புள்ளி ரெண்டு மாப்பிள்ளை. உன் நெஞ்சுக்குக்கூட வராது. இறங்கு."

அவர் இறங்கினார். கால் தரையில் பட்டதும் என் தோளை விட்டார்.